மாமனாரின் பல்செட்டும் பாதித் தேடலும்

எங்கள் ரயில் நிலையத்தில் தவறிய பொருள் மீட்பகம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. ரயிலில் எதையாவது விட்டுவிட்டு இறங்கினால் மறுநாள் அது அங்கே வந்து சேர்ந்துவிடும். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும். திரும்ப வாங்கப் போகும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும்.

முன்பெல்லாம் அங்கே ஒரு தூங்குமூஞ்சி குமாஸ்தா இருந்தார். "குடை" என்று சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், நம் குடையையே எடுத்துவந்து மேஜைமேல் போடுவார். இது மேலிடத்துக்கு ரொம்பப் பழைய பாணியாகத் தெரிந்தது. கணினி வாங்குவதென்று முடிவு செய்தார்கள். கணினிக்கு முன்னால் நிரல் நூலகம் வந்து இறங்கியது. நிரல் நூலகம் என்றால் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் இடம் இல்லை. வரிசையாக இருக்கிற சாமான்களில் ஒன்றை எப்படித் தேடுவது என்று நிரல், அதாவது புரோகிராம், எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாமே என்று, கெட்டிக்காரர்கள் சிலர் ஒரே தடவையாக எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு. கணினிக்குள் அது பிரமாதமாக வேலை செய்கிறதாம். நான் அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் கணினி வரவில்லை. அதற்கான கோப்பு எங்கேயோ படுத்துவிட்டது. மீட்பகத்தின் இயக்குநர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு, மெஷின் செய்வதை மனிதன் செய்யக் கூடாதா என்று ரோஷப்பட்டு, ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு கட்டளையாக ஜன்னல் ஜன்னலாக உட்காரவைத்துவிட்டார். தூங்குமூஞ்சி குமாஸ்தா எந்தக் கட்டளைக்கும் பொருந்தாததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நம் பெயின்டர் தன் மாமனாரின் பல்செட்டைத் தேடிக்கொண்டு போனார்.

பெயின்டர் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர், பரமசாது. மாமனார் அப்படி இல்லை. அவர் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். அவர் குரலைக் கேட்டுத்தான் ஊரில் பலர் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள் என்று அவரே சொல்லுவார். வானொலி நிலையத்தின் ஆண்டு விழாவுக்காக அவரை மறுபடி அழைத்திருந்தார்கள். அன்று மாலை ஆறு மணிச் செய்தியை அவர் வாசிக்க வேண்டும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த ஓர் அழைப்புக்காகத்தான் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார் என்றால் மிகையில்லை.

முதல்நாள் அவரை ரயிலில் கூட்டிவந்தது பெயின்டர்தான். வழியில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று மாமனார் பல்செட்டைக் கழற்றி, மூலை உடைந்த ரோஸ் நிற சோப்பு டப்பாவில் போட்டு, "பாத்துக்கோங்க" என்று கொடுத்தார். பெயின்டரும் பார்த்துக்கொண்டார். ஜன்னலோரத் தட்டில் டப்பா பத்திரமாக இருப்பதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே ரயிலைவிட்டு இறங்கினார்.

பல் போனதிலிருந்து மாமனார் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சொல்லுக்குப் பதில் காற்றுதான் வரும். அந்தக் காற்றை ஊரார் கேட்க அவர் தயாராக இல்லை. ஒரு சிலேட்டு வாங்கிக்கொண்டார். பேச வேண்டியதையெல்லாம் அதில் எழுதிக் காட்டினார். பழக்கதோஷம், எழுத்தும் செய்தியாகவே வந்தது. "மருமகனுக்கு மூளை இருப்பதாக வெளியான தகவல் இதுவரை உறுதிசெய்யப்படவில்லை" என்று எழுதி, மகளிடம் காட்டினார். மகள் அதைப் படித்துவிட்டு, பல்செட் இல்லாமல் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கும் அப்பா குரலை மறுபடி வானொலியில் கேட்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமனாரும் மருமகனும் மீட்பகத்துக்கு வந்தார்கள். மாமனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பெயின்டர் உள்ளே போனார்.

உள்ளே நீளமான கூடம். ஒரு சுவர் முழுக்க, புறாக்கூண்டு மாதிரி, ஒரே வரிசையில் மாடங்கள். அதில் அடங்காத சாமான்கள் மாடத்துக்குக் கீழே தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு சைக்கிள், ஒரு பெட்டி, ஒரு குடை, கண்ணாடிக்கூடு, கோலிக்குண்டு, துடைப்பம், எல்லாம் வந்தது வந்த வரிசையில். குறுக்கே ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு மரத்தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பெயின்டர் பார்த்துவிட்டார். கூடத்தின் வலதுபக்கத்தில், ஒரு மாடத்தில், ரோஸ் நிற சோப்பு டப்பா. மூலை உடைந்திருப்பதுகூடத் தெரிந்தது. அவருக்கு உயிர் வந்தது.

"சார், அதோ இருக்கு" என்று முதல் ஜன்னல்காரரிடம் கையைக் காட்டினார்.

ஜன்னல்காரர் திரும்பியே பார்க்கவில்லை. "கை காட்டறதெல்லாம் தேடல்ல சேராது சார். எதைத் தேடணுமோ அதைக் குடுங்க."

"எதைக் குடுக்கணும்?"

"தேடற பொருளை. அதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாப்போம். ரெண்டும் ஒண்ணா இருந்தா கிடைச்சுதுன்னு அர்த்தம்."

"அது என்கிட்ட இருந்தா நான் ஏன் சார் இங்க வரேன்?"

"இருக்கறவங்கதான் சார் இங்க முறையா வராங்க" என்றார் ஜன்னல்காரர், கொஞ்சம் வருத்தத்துடன்.

பக்கத்தில் இன்னொருவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து நின்றிருந்தார். வலதுகால் செருப்பைத் தொலைத்துவிட்டு, புத்திசாலித்தனமாக இடதுகால் செருப்பைக் கொண்டுவந்திருந்தார். ஜன்னல்காரர் அதை எடுத்துக்கொண்டு போய் வரிசை முழுக்க ஒப்பிட்டார். வலதுகால் செருப்பு அங்கேயே இருந்தது. ஆனால் இடது வேறு, வலது வேறு. இரண்டும் ஒன்றாகாது என்று திரும்பிவந்துவிட்டார். இன்னொரு இடதுகால் செருப்பு தொலைந்தால் கண்டிப்பாகக் கண்டுபிடித்துத் தருவதாக ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

பெயின்டர் வெளியே போய் மாமனாரிடம் நிலைமையைச் சொன்னார். மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிலேட்டைத் துடைத்து, பல்செட்டை மேலும் கீழுமாக அச்சு அசலாக வரைந்து கொடுத்தார். கோபத்தில் வரைந்ததால் பற்கள் கொஞ்சம் நறநறவென்று இருந்தன.

முதல் ஜன்னல்காரர் சிலேட்டைப் பயபக்தியுடன் வாங்கிக்கொண்டு வரிசையின் தொடக்கத்துக்குப் போனார். சைக்கிளுக்குப் பக்கத்தில் சிலேட்டைப் பிடித்தார், உதட்டைப் பிதுக்கினார். பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். குடை, துடைப்பம், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ரோஸ் டப்பாவுக்கு வந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே பல்செட் இளித்தது. பெயின்டர் தடுப்பின்மேல் பாதி உடம்பைச் சாய்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல்காரர் சிலேட்டை அருகில் வைத்து நிதானமாக மாறி மாறிப் பார்த்தார்.

"இது பல்லு. இது சிலேட்டு. ரெண்டும் ஒண்ணு இல்ல" என்று மூடியை மூடிவிட்டு அடுத்த மாடத்துக்குப் போய்விட்டார்.

வரிசை முடிந்ததும் ஒரு சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தார். கிடைத்துவிட்டதா என்று பெயின்டர் கேட்டார். இடம் எழுதியிருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்றார் ஜன்னல்காரர். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

சீட்டில் இருந்த இடம், கடைசி மாடத்துக்கும் அடுத்த இடம். பெயின்டர் தடுப்பை ஒட்டியே நடந்து அங்கே போனார். மாடங்கள் முடிந்து, வெறும் பலகைச் சுவர் இருந்தது. அதில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு காவலாளி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கையில் சீட்டோடு ஏழெட்டுப் பேர். ஓர் அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். தொடங்கும்போது அது கைக்குழந்தைக்கு என்று நினைத்தாளாம்; இப்போது பள்ளிக்கூடம் போகும் அளவுக்கு வந்துவிட்டது.

இங்கே என்ன கிடைக்கும் என்று பெயின்டர் கேட்டார்.

"இங்க ஒண்ணும் கிடையாது" என்றார் காவலாளி. "வரிசையில எதுவும் கிடைக்கலன்னா இந்த இடத்தைக் குடுப்பாங்க. இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றது எங்க ஆபீஸ்ல பழக்கம் இல்ல. நீங்களே புரிஞ்சுக்கணும்."

"இவங்கல்லாம்?"

"இன்னும் புரிஞ்சுக்கல."

ஓட்டையில் கையை மட்டும் விட்டுவிட வேண்டாம், விட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆபீஸும் பொறுப்பேற்காது என்று காவலாளி எச்சரித்தார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் வேறு அலுவலகம். போன மாதம் ஒருவர் பொறுமை இழந்து கையை விட்டிருக்கிறார். முதலில் அங்கிருந்த கணக்கரின் சாப்பாட்டு டப்பா வந்தது, பிறகு அவருடைய சட்டை வந்தது, அப்புறம் கணக்கரே தோள்வரைக்கும் வந்துவிட்டார். திருப்பி அனுப்ப அரைநாள் ஆயிற்றாம்.

பெயின்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மீட்பகம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். ஓட்டமும் நடையுமாக இரண்டாவது ஜன்னலுக்குப் போனார்.

இரண்டாவது ஜன்னலில் பாதித் தேடல் அதிகாரி. முதல் ஜன்னலைப் பற்றி அவருக்கு மதிப்பே கிடையாது. ஒவ்வொன்றாகப் பார்ப்பது கூலி வேலை, தன்னுடையது மூளை வேலை என்றார். எவ்வளவு நீள வரிசையானாலும் நடுவில் போய் நிற்பார், தேடும் பொருள் அதைவிடச் சின்னதா பெரிதா என்று பார்ப்பார், தேவையில்லாத பாதியைத் தூக்கி எறிந்துவிடுவார். மிச்சத்திலும் அப்படியே. ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பெயின்டருக்கு இது நியாயமாகவே பட்டது.

அதிகாரி கம்பீரமாக நடந்து வரிசையின் நடுவில் போய் நின்றார். அங்கே குடை இருந்தது.

"உங்க பல்செட்டு இந்தக் குடையை விடச் சின்னதா, பெரிசா?"

"சின்னது சார்."

"அப்ப வலது பக்கம் பூரா வேண்டாம்" என்று ஒரு கயிற்றை இழுத்தார். ஒரு கறுப்புத் திரை வந்து வலதுபாதி முழுவதையும் மூடியது. ரோஸ் டப்பா திரைக்குப் பின்னால் போய்விட்டது.

பெயின்டர் பதறிப்போனார். டப்பா அந்தப் பக்கம்தான் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்றார். குடைக்கு வலதுபக்கம் இருப்பதெல்லாம் குடையைவிடப் பெரியவை, அங்கே பல்செட் இருக்க வழியே இல்லை என்றார் அதிகாரி. கோலிக்குண்டுகூட அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று பெயின்டர் கேட்டார். அப்படியானால் அது குடையைவிடப் பெரிய கோலிக்குண்டு என்று பதில் வந்தது.

"சார், சாமானெல்லாம் அளவுப்படி அடுக்கி வச்சிருந்தாத்தானே இந்தக் கணக்கு சரி?"

"அடுக்கி இருக்குன்னு நம்பித்தான் நாங்க தேடறோம். அடுக்கறது வேற பிரிவு."

"அந்தப் பிரிவு எங்க சார்?"

"அதுக்கு இன்னும் ஆள் போடல."

"அப்ப அடுக்கவே இல்லையே."

அதிகாரி அவரைக் கனிவோடு பார்த்தார். "அடுக்கி இருக்கா இல்லையான்னு பாக்கணும்னா ஒவ்வொண்ணா பாக்கணும். ஒவ்வொண்ணா பாத்தா எங்க வேகம் என்னாகறது? வேகம்தான சார் இந்தப் பிரிவோட பெருமையே."

பிறகு இடதுபாதியின் நடுவுக்குப் போனார். பெட்டி. பல்செட் அதைவிடச் சின்னது. இன்னொரு திரை. கடைசியில் சைக்கிள் ஒன்றுதான் மிஞ்சியது. அதிகாரி சைக்கிளைச் சுற்றிவந்து நன்றாகப் பார்த்தார். மணியை ஒருதரம் அடித்தும் பார்த்தார். இது பல்செட் இல்லை என்று முடிவுக்கு வந்து, சீட்டில் 'இல்லை' என்று முத்திரை குத்திக் கொடுத்தார். காபி உண்மையிலேயே ஆறவில்லை.

பெயின்டருக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய ஆண்பிள்ளை கூடத்தின் நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டால் எந்த ஆபீஸிலும் சங்கடம்தான். இயக்குநர் அறைக்கதவு திறந்தது. சட்டைப்பையில் நாலு பேனாவோடு இயக்குநர் வெளியே வந்து, என்ன விஷயம் என்று விசாரித்தார். பெயின்டர் ஆறு மணிச் செய்தி வரைக்கும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். இயக்குநர் உண்மையாகவே உருகிவிட்டார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றார். "முன்னாடி இங்க ஒரு ஆள் இருந்தார். போய் எடுத்துக் குடுத்துடுவார். எப்படி எடுத்தீங்கன்னு கேட்டா, பாத்தேன் எடுத்தேன்னு சொல்வார். இது ஒரு பதிலா சார்? நாளைக்கு அவர் லீவு போட்டா? இப்ப பாருங்க, யார் லீவு போட்டாலும் ஒரே பதில்தான் வரும். நான் வந்ததுலேருந்து தப்பான சாமானை இந்த ஆபீஸ் யாருக்கும் குடுத்ததே இல்ல. சரியான சாமானையும் குடுத்ததில்ல, அது வேற விஷயம். ஆனா முறையில ஒரு பிழை காட்டுங்க பாப்போம்."

இயக்குநர் பெயின்டரின் தோளைத் தட்டி, இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றார். நிபந்தனைத் தேடல். பொருளைக் கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு நிபந்தனையைக் கொண்டுவந்தால் போதும். எந்தப் பொருள் அந்த நிபந்தனைக்குப் பொருந்துகிறதோ அதுதான் தேடிய பொருள்.

"பல்செட்டுக்கு என்ன நிபந்தனை? வாயில பொருந்தணும். வாயைக் கூட்டிட்டு வாங்க."

வாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பெயின்டர் கையைக் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி மாமனாரை உள்ளே அழைத்துவந்தார். தடுப்பைத் திறந்து, இடதுபக்கத் திரைகளை மட்டும் விலக்கி, வரிசையின் தொடக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். முதல் ஜன்னல்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஐயா, இது வாயில பொருந்துதா?"

மாமனார் சிலேட்டில் "இல்லை" என்று எழுதினார்.

சைக்கிளையெல்லாம் விட்டுவிட்டு நேராக டப்பாவுக்குப் போகக் கூடாதா என்று பெயின்டர் இயக்குநரின் காதில் கேட்டார். ஒன்றைத் தாண்டினால் அது தேடல் இல்லை, ஊகம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அடுத்தது தோல்பை. அதற்கடுத்தது, ஒருவர் வீட்டுக்கு வாங்கிப்போன வாளி. வாளியைத் தலைக்குமேல் கொண்டுவந்து வாய்க்கு நேராகப் பிடித்தபோது மாமனார் "இந்த அலுவலகத்தின் செயல்பாடுகள் குறித்து தகவலறிந்த வட்டாரங்கள் கவலை தெரிவித்துள்ளன" என்று எழுதினார். அது பொருத்தமா பொருத்தமில்லையா என்று ஜன்னல்காரர் கேட்டார். "இல்லை" என்று எழுதவேண்டியதாயிற்று.

அடுத்த மாடத்தில் ஒரு மவுத் ஆர்கன் இருந்தது.

ஜன்னல்காரர் அதைத் துடைத்து மாமனாரின் உதட்டில் வைத்தார். பொருந்தியது. மிக அழகாகவே பொருந்தியது.

"நிபந்தனை நிறைவேறிடுச்சு" என்று இயக்குநர் கையைத் தட்டினார். ஊழியர்கள் எல்லோரும் கையைத் தட்டினார்கள். முதல் பொருத்தம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிட வேண்டும் என்பது முறை. அதற்குமேல் ஒரு மாடம்கூட நகரக் கூடாது. வாழ்த்துகள், உங்கள் பொருள் கிடைத்துவிட்டது என்று பெயின்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பாதித் தேடல் அதிகாரி, நேரமாகிவிட்டது என்று நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்.

மாமனாருக்கு ஆத்திரத்தில் மூச்சு வாங்கியது. வாயில் மவுத் ஆர்கன் இருந்ததால் அந்த மூச்சு இசையாக வந்தது. உள்ளே போகும்போது ஒரு சுரம், வெளியே வரும்போது ஒரு சுரம். அப்படியே வாசித்துக்கொண்டே எழுந்தார். கூடத்தின் நீளம் முழுக்க வாசித்துக்கொண்டே நடந்தார். வலதுபக்கத் திரையை ஒரே இழுப்பில் கிழித்தார். ரோஸ் டப்பாவைத் திறந்து, மவுத் ஆர்கனைத் துப்பி, பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். தாடையை இரண்டு தரம் அசைத்துப் பார்த்தார்.

"வணக்கம்" என்றார்.

அவ்வளவு பெரிய குரல். ஸ்வெட்டர் பின்னிய அம்மாள் தன்னையறியாமல் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டாள்.

முதலில் சுதாரித்தவர் காவலாளி. திருட்டு என்று கத்திக்கொண்டு ஓடிவந்து மாமனாரின் கையைப் பிடித்தார். போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று பாதித் தேடல் அதிகாரி சொன்னார். பெயின்டர் மனைவியை நினைத்துக்கொண்டார். பல் கிடைத்தும் மாமனார் ஆறு மணிக்கு வானொலி நிலையத்தில் இல்லாமல் லாக்கப்பில் இருந்தால், அதைச் சொல்ல எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

இயக்குநர் மட்டும் அசையவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"எதைத் திருடினார்னு எழுதறது?" என்றார் கடைசியில்.

பல்செட்டை என்றார் காவலாளி.

"பல்செட்டு இங்க இல்ல. ஒவ்வொண்ணா பாத்தோம், இல்ல. பாதி பாதியா பாத்தோம், இல்லைன்னு முத்திரையே குத்தியாச்சு. நிபந்தனை வச்சுத் தேடினோம், அதுல வேற பொருள் கிடைச்சுது. இல்லாத பொருளை ஒருத்தர் எடுத்தார்னு நான் புகார் குடுத்தா, எந்த முறை தப்புன்னு மேலிடம் கேக்கும். மூணும் தப்புன்னு நான் சொல்லணுமா? அந்தப் பெரியவர் வாயில எதுவும் இல்ல. அவர் பேசினது என் காதுல விழல. கையை விடுங்க."

காவலாளி கையை விட்டார். ஆனால் மவுத் ஆர்கனை முறைப்படி கண்டுபிடித்தாகிவிட்டது, அதை வாங்கிக்கொள்ளாமல் போக முடியாது என்றார்கள். பெயின்டர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாமனாரைத் தள்ளாத குறையாக வெளியே கூட்டிவந்து ஆட்டோவில் ஏற்றினார்.

ஆட்டோ கிளம்பியதும் மாமனார் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். நேற்றிலிருந்து சிலேட்டில் இடம் போதாமல் விட்டுப்போன திட்டுகள் அத்தனையையும் தலைப்புச் செய்திகளில் தொடங்கி, விரிவான செய்திகளாக, வேண்டிய இடத்தில் நிறுத்தம் கொடுத்து வாசித்தார். நடுவில் ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக ஓட்ட ஆரம்பித்துவிட்டார், கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. பெயின்டருக்கும் அன்றைக்கு முழுக்க இல்லாத நிம்மதி. ஒவ்வொரு வசவும் சுத்தமாகக் காதில் விழுந்தது.

ஆறு மணிக்குப் பெயின்டரும் மனைவியும் வீட்டில் வானொலி முன்னால் உட்கார்ந்தார்கள். அப்பாவின் குரல் வந்ததும் அவள் பெயின்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியூர்ச் செய்தி, விலைவாசி, வானிலை எல்லாம் ஆயிற்று. கடைசியில், சற்றுமுன் கிடைத்த அறிக்கை ஒன்று வந்தது. இயக்குநர் பயந்துபோய் முந்திக்கொண்டு அனுப்பியது.

"தவறிய பொருள் மீட்பகத்தில் இன்று பிற்பகல் நடைபெற்ற தீவிரத் தேடலில், முதியவர் ஒருவரின் பல்செட் அங்கே இல்லை என்பது அங்கீகரிக்கப்பட்ட முறைகள் அனைத்தின்படியும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது. ஊழியர்களுக்கு இயக்குநர் பாராட்டுத் தெரிவித்தார். இத்துடன் செய்திகள் நிறைவடைகின்றன."

பெயின்டர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மாமனார் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் வாசித்தார்.